மூணு பத்து பஸ்ஸில் வந்தவர்கள்

ராஜபாளையத்திலிருந்து வரும் மூணு பத்து பஸ்ஸில், சங்கரவடிவின் கம்ப்யூட்டர் 'இல்லை' என்று சொன்ன முதல் ஆள் புளியங்குடியில் வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்பதால் கீழத்தெருவுக்கு வந்த முதல் சந்தேகமே வந்தவர் கவிச்சி சாப்பிடுவாரா மாட்டாரா என்பதாக இருந்ததே ஒழிய, கம்ப்யூட்டர் கூப்பிட்டு ஒரு மனுஷன் எப்படி பஸ் ஏறி வருவான் என்பதாக இல்லை. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் இலை போடுவதா, விசாரணை போடுவதா? கீழத்தெருக்காரர்களிடம் இதைக் கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

சங்கரவடிவு யாரென்றால், இசக்கியப்பன் அண்ணாச்சியின் எலுமிச்சை மண்டியில் பன்னிரண்டு வருஷமாக ஏலம் எழுதுகிறவள்; சாக்குக்குச் சாக்கு ஆளாளுக்குக் கத்துகிற கூச்சலில் கடைசியாக யார் வாயிலிருந்து எந்த வார்த்தை விழுந்ததோ அதை மட்டும் காதில் வாங்கி எழுதுகிறவள், ஏனென்றால் மண்டியில் கடைசி வார்த்தைதான் வார்த்தை, அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் காற்றோடு போச்சு. அவள் புருஷன் ஆறுமுகநயினார், பத்தாம் வகுப்புக்குச் சரித்திரம் நடத்துகிற வாத்தியார். ரெண்டே வருஷத்தில் அவருக்குப் பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து நடுவிலும் மூடிவிட்டது. மதுரை டாக்டரும் திருநெல்வேலி டாக்டரும் ஒன்று போலக் கையை விரித்தார்கள். பள்ளிக்கூடச் செயலர் குத்தாலிங்கம் வீடு தேடி வந்து, காபியையும் குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "சட்டப்படி உங்களை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது சார், சம்பளம் பாட்டுக்கு வரும். ஆனா பத்தாப்பு பப்ளிக் பரீட்சையில்லா? ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்குப் புத்தகத்தை யார் துணையும் இல்லாம நீங்களே வாசிச்சு நடத்திக் காட்டினா வகுப்பு உங்களுக்கு. இல்லேன்னா ஆபீஸ் ரூம்ல ஒரு நாற்காலி போட்டுத் தாரேன், நிம்மதியா உட்காருங்க."

அந்த நாற்காலி நயினார் சாரை முள்ளாகக் குத்திவிட்டது. இருபத்து மூன்று வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்தின மனுஷனுக்கு உட்கார்ந்து வாங்குகிற சம்பளம் என்ன சம்பளம்? அன்றைக்கு வீட்டுக்குள் போனவர், எட்டு மாசமாக வாசல்படி தாண்டவில்லை. தெருவில் நடந்தால் ரெண்டு பக்கமும் 'வணக்கம் சார்' விழும். அதே தெருவில் பெண்டாட்டி கையைப் பிடித்துத் தடவித் தடவிப் போக மாட்டேன் என்று வைராக்கியம். யார் வந்து எதைக் கேட்டாலும் வடிவுதான் பதில் சொல்வாள். அவர் உள்ளறையில் இருந்து ஒரு இருமல் இருமுவார், அவ்வளவுதான்.

மண்டிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது பழையதை அண்ணாச்சி வடிவிடமே கொடுத்துவிட்டார். அது லினக்ஸில் ஓடுகிற கிழட்டு மிஷின். அதில் தமிழைத் தமிழாக வாய்விட்டு வாசிக்கிற ஒரு செயலி வேண்டும் என்று அவள் தேடாத இடமில்லை. கடைசியில் கிடைத்தது 'சொல்கிளி'. ஏழு நாட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று ஊருணித் தண்ணீர் போலப் பொதுவில் விட்டிருந்த செயலி. ஆனால் தயாராகக் கிடைத்ததெல்லாம் புது மிஷினுக்கு. பழசு வைத்திருக்கிறவர்கள் மூலநிரலை வாங்கித் தாங்களே கம்பைல் பண்ணிக்கொள்ளவும் என்று போட்டிருந்தது. கம்பைல் என்றால் வேறொன்றுமில்லை, பாக்கெட் மாவு தர மாட்டோம், அரிசியும் உளுந்தும் இந்தா, நீயே ஊறவைத்து நீயே ஆட்டிக்கொள் என்கிற சமாசாரம்தான். மனுஷர் வாசிக்கிற மாதிரி எழுதி வைத்த வரிகளை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மிஷினை வைத்தே ஆட்டி எடுப்பது.

வடிவு ஆட்டத் துணிந்தாள். மண்டி முடிந்து ரெண்டு மணிக்கு வீடு வந்து, சோற்றைத் தின்று, மூணு மணிக்குத் திரை முன்னால் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அசைய மாட்டாள். மூலநிரலோடு கூடவே 'என்னைப் படி' என்று பேர் வைத்த ஒரு கோப்பு வந்திருந்தது. அதை அகராதியும் கையுமாகப் பதினோரு தடவை படித்தாள். மூன்று கட்டளைகள். முதல் கட்டளை, எல்லாரும் வந்தாச்சா என்று கேட்கும். ரெண்டாவது, வந்தவர்களை வைத்துக் கட்டும். மூன்றாவது, கட்டினதைக் குடிவைக்கும். வடிவு சாமியைக் கும்பிட்டு முதல் கட்டளையை அடித்தாள். பொருள்களை மடித்து அடுக்குகிறவர் ஒருத்தர் வேண்டும், அவர் இந்த மிஷினில் இல்லை, ஆகையால் நிற்கிறேன் என்று திரை சொன்னது. இல்லாத ஆளைக் கூப்பிடுவதற்கும் ஒரு கட்டளை உண்டு. அதையும் அடித்தாள். மறுநாள் மூணு பத்து பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார்.

ஒல்லியான மனுஷர், கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பொட்டலம். "சங்கரவடிவு வீடு இதானா? கூப்பிட்டு விட்டிருந்தாவளாம்," என்றார். உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். அதற்குள்ளிருந்து ஒரு பாய், ரெண்டு வேட்டி, குடை, செம்பு, ஒரு மடக்குக் கட்டில் எல்லாம் வரிசையாக வந்தன. எதிர்வீட்டுப் பிச்சம்மா மயினி அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாச்சி, என் பீரோ மூட மாட்டேங்கு, ஒரு எட்டு வந்து பாக்கிறியளா?" என்பதுதான். சாயங்காலத்துக்குள் மயினியின் பட்டுச் சேலை பதினொன்றும் ஒரு டிபன் பாக்ஸுக்குள் கசங்காமல் உட்கார்ந்துவிட்டன. அடுத்த நாள் அவரைத் தேடித் தெருவே வரிசையில் நின்றது.

ஆனால் மடிப்புக்காரர் ஒருத்தரோடு முடிகிற விஷயமா? மறுபடி கேட்டால் எழுத்துகளை ஒட்டவைத்துக் காட்டுகிறவள் இல்லை என்றது திரை. எழுத்தக்கா வந்தாள், வந்ததும் வராததுமாக, "என் தம்பி இல்லாம எனக்குக் கை ஓடாதே," என்றாள். தம்பி வந்தான், அவனுக்கு ஒரு பெரியப்பா வேண்டியிருந்தது. பெரியப்பா வந்தார், அவருக்கு ஒரு கணக்குப்பிள்ளை வேண்டியிருந்தது. கல்யாண வீட்டில் ஒருத்தரை அழைத்தால் அவருக்கு வேண்டியவர் நாலு பேரை அழைக்காமல் தீராது என்பது கீழத்தெருவுக்கு என்ன தெரியாத சங்கதியா? ஒரு நாள் கேட்ட ஆளின் பேரிலேயே அவருடைய அண்ணன் வந்து இறங்கிவிட்டார். அண்ணன் பழைய ஆள், தம்பிதான் வேண்டும் என்று திரை முரண்டு பிடித்தது. ஒரே பேரில் ரெண்டு பேர் ஒரு கூரைக்குள் இருந்தால் மிஷின் யாரைக் கூப்பிடும்? அண்ணன் மனம் நோகாமல் எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்து, பஸ் ஏற்றி விட்டு, தம்பியை வரவழைத்தார்கள்.

பன்னிரண்டு நாளில் பத்தொன்பது பேர் ஆகிவிட்டார்கள். பிச்சம்மா மயினி பழைய காலண்டர் தாளின் முதுகில் பட்டியல் போட்டு வீட்டுக்கு இத்தனை பேர் என்று பிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு ஏன் ஒருத்தரையும் அனுப்பவில்லை என்று தெற்குக்கோடி வீட்டுக்காரர்கள் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கவுன்சிலர் வந்து இவர்களுக்கெல்லாம் ஓட்டு இந்த வார்டிலா என்று கேட்டுப் போனார். எழுத்தக்கா பால்வாடிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டாள். கணக்குப்பிள்ளையை இசக்கியப்பன் அண்ணாச்சி மண்டிக்கு இழுக்கப் பார்த்தார், மயினி விடவில்லை. "அவ்வோ நம்ம நயினார் சாருக்காக வந்திருக்காவ. வந்த வேலை முடியட்டும், பொறவு கேளும்," என்று சத்தம் போட்டாள். தெருவில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் சாப்பாடு ஆச்சா என்று கேட்பது போய், "வர வேண்டியவங்கள்ல எத்தனை சதவீதம் வந்தாச்சு?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

எல்லாரும் வந்தாச்சு என்று திரை ஒத்துக்கொண்ட நாள், வடிவு ரெண்டாவது கட்டளையை அடித்தாள். வந்தவர்கள் கூடத்தில் வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவரவர் வரியைத் தாழ்ந்த குரலில் சொல்லச் சொல்ல, திரையில் வரிகள் மேலே ஏறின. பத்து சதவீதம் என்றது, முப்பது என்றது, பெட்டி சூடேறி விசிறி கத்தியது, அறுபது என்றது. ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொரு சதவீதத்தையும் தெருவுக்கு ஒலிபரப்பினார்கள். எண்பது, தொண்ணூறு. தொண்ணூற்று மூன்றில் நின்றது. ஒலிக்காரர் இல்லாமல் முடிக்க இயலாது, நிறுத்திவிட்டேன் என்று கடைசி வரி சிவப்பில் விழுந்தது.

இது என்ன கூத்து? ஒலிக்காரர் கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறார். பத்தொன்பதாவதாக வந்தவர், வாட்டசாட்டமான ஆள், வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசினதில்லை, ஆனால் அவர் விரல் பட்டால் பித்தளைக் குடம் முதல் தகரக் கதவு வரைக்கும் சுருதி சுத்தமாகப் பேசும். கண் முன்னால் இருக்கிற மனுஷனை இல்லை என்றால்? மறுபடி ஓட்டினாள், மறுபடி தொண்ணூற்று மூன்று. மூன்றாவது தடவையும் அதே இடம். இந்த ஆள் நிஜமான ஒலிக்காரர்தானா, ஆதார் கார்டு இருக்கா என்று தெருவில் முனகல் வந்துவிட்டது. அந்த மனுஷர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வடிவு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறக்க எட்டு நாள்தான். ரெண்டு நாள் அந்தச் சிவப்பு வரியையே வெறித்துக்கொண்டிருந்தாள். 'என்னைப் படி'யைப் பன்னிரண்டாம் தடவையாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு, இத்தனை நாள் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது: ஏதாவது கோளாறு என்றால் முதலில் விழுந்த பிழையைப் பார், பின்னால் விழுகிறதெல்லாம் அதனுடைய பிள்ளைகள்.

"அட மூதேவி!" என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் கடைசி வார்த்தையை மட்டும் எழுதிப் பழகின புத்தி, இங்கேயும் கடைசி வரியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே போனாள், போனாள், தொள்ளாயிரம் வரி மேலே போனாள். அங்கே, சிவப்பாகக்கூட இல்லாமல், சாதாரணமாக ஒரு வரி கிடந்தது: ஒலிக்காரருக்காகப் பேசுகிறவர் வரவில்லை.

அவள் அழைத்த வரியைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். மற்றவர்களை எல்லாம் அவரவருக்கு வேண்டியவர்களோடு முறையாக அழைத்தவள், ஒலிக்காரரைக் கூப்பிட்ட அன்றைக்கு மட்டும் மண்டியிலிருந்து அவளைக் கூப்பிட வந்த லாரி வாசலில் ஆரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில் அவர் ஒருத்தர் பேரை மட்டும் அடித்துவிட்டு எழுந்து ஓடியிருக்கிறாள். மனுஷர் பேசாதவர். அவர் என்ன செய்வார், எதைக் கேட்டால் எதைக் கொடுப்பார் என்று எடுத்துச் சொல்ல வேண்டிய சம்சாரத்தை அழைக்கவே இல்லை. பிச்சம்மா மயினி இதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "ஏட்டி, ஆம்பளையை மட்டும் கூப்பிட்டுட்டு வீட்டுப் பொம்பளையை விட்டா எந்த மானமுள்ள பொம்பளை வருவா? நானா இருந்தா அவரையும் அனுப்பியிருக்க மாட்டேன்."

வடிவு உடனே அழைப்பு அடித்தாள். மறுநாள் மூணு பத்து பஸ்ஸில் யாரும் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இறங்கவில்லை. ஒலிக்காரர் வீடு ராஜபாளையத்தில் என்று மடிப்புக்காரர் சொன்னார். விட்டுப்போன அழைப்புக்கு எந்திரத்தில் பரிகாரம் கிடையாது, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் புருஷனும் பெண்டாட்டியுமாக வீடு தேடிப் போய்க் கூப்பிட வேண்டியதுதான் என்று தெரு ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னது.

"நான் எதுக்கு?" என்றார் நயினார் சார் உள்ளறையிலிருந்து. "நீயும் மயினியும் போயிட்டு வாங்க."

"சோடியா போகணும். அதான் முறை."

"கண்ணு தெரியாதவன் தட்டைத் தூக்கிட்டுப் போய் நின்னா, பாக்கிறவன் சிரிக்க மாட்டானா வடிவு?"

வடிவுக்கு அப்படி ஒரு கோபம் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. "யாரு சிரிப்பா? சொல்லுங்க, யாரு சிரிப்பா? தெரு முழுக்க உங்களுக்காக இருபது நாளா உலை வைக்குது. எனக்கு இங்கிலீஷ் வராது, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படிச்சேன். தொண்ணூத்து மூணு வரைக்கும் நான் கொண்டாந்துட்டேன். மிச்சம் ஏழு உங்க கால்ல இருக்கு. எந்திரிக்க மாட்டேன்னா சொல்லிருங்க, அந்த நாற்காலியைத் தொடச்சு வைக்கச் சொல்லுதேன்!" என்று கத்தி, கத்தின கையோடு அழுதும்விட்டாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம், "என் வெள்ளைச் சட்டை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அவர் வாசல்படி இறங்கினபோது தெரு கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தது. வடிவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு எட்டு வைத்தார். முதல் வீட்டிலிருந்து "வணக்கம் சார்" என்றது ஒரு குரல். அடுத்த வீட்டிலிருந்து ஒன்று, எதிர்வரிசையிலிருந்து ஒன்று, அந்த வீட்டுக்கு இந்தக் குரல், இந்த வீட்டுக்கு அந்தக் குரல் என்று ரெண்டு பக்கமும் விழ விழ, எந்த வீட்டைத் தாண்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் தேங்கி நிற்கும் அடிபம்பு வரும்போது அவரே வலப்பக்கம் ஒதுங்கினார். தெருமுனைக்கு வந்தபோது நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். வடிவு அழுத கண்ணைத் துடைக்காமலே பெருமையில் மிதந்து போனாள்.

ஒலிக்காரர் சம்சாரத்தின் பேர் வெயிலுகந்தாள். ராஜபாளையத்தில் தட்டோடு நின்றவர்களுக்குக் கதவைப் பாதிதான் திறந்தாள். "வாங்க. அவுக ஒருத்தர் போதும்னுதான அழைச்சீக? இப்ப என்னத்துக்கு வந்தீக?" என்றாள்.

வடிவு வாயைத் திறக்கும் முன்னால் நயினார் சார் பேசினார். எட்டு மாசத்துக்கு அப்புறம் வெளியாளிடம் அவர் பேசின முதல் பேச்சு அது.

"தப்பு எங்க பேர்லதாம்மா. எட்டு மாசமா எனக்காகவும் இவதான் பேசிட்டிருக்கா. கடையிலயும் இவதான், பள்ளிக்கூடத்துலயும் இவதான், வாசல்ல யாரு வந்தாலும் இவதான். பேசுதவங்களை விட்டுட்டுப் பேசாத ஆளை மட்டும் கூப்பிட்டது எம்புட்டுப் பெரிய அவமரியாதைன்னு என்னைவிட யாருக்குத் தெரியப் போகுது? நீங்க வந்தாத்தான் அவரு அங்க இருக்காருன்னே மிஷின் ஒத்துக்கிடும். நீங்க வரணும்."

வெயிலுகந்தாள் அவரையும் பார்த்தாள், தட்டை நீட்டியிருந்த அவர் கையையும் பார்த்தாள். கதவு முழுசாகத் திறந்தது. "உள்ள வாங்க, மொதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டதுதான் தாமதம், தொண்ணூற்று மூன்று தொண்ணூற்று நான்கானது. தொண்ணூற்று ஐந்து, ஆறு, ஏழு. தெரு ஒரே குரலில் எண்ணியது. நூறு என்றபோது மயினி போட்ட குலவை மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டதாம். வடிவு மூன்றாவது கட்டளையை அடித்துச் சொல்கிளியைக் குடிவைத்தாள். முதலில் எதை வாசிக்கச் சொல்லட்டும் என்று கேட்டாள். பத்தாம் வகுப்புக்கு வரப்போகிற பிள்ளைகளின் பேர்ப்பட்டியலை வாசிக்கச் சொன்னார். நாற்பத்து ரெண்டு பேரையும் ஒரு பெண்குரல் நிறுத்தி நிதானமாக வாசித்தது. நயினார் சார் ஒவ்வொரு பேருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பட்டியல் முடிந்ததும், "நீயா கட்டினே?" என்றார். "நான்தான்," என்றாள் வடிவு, தயங்காமல்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே கீழத்தெரு போனது, வந்த இருபது பேரும் குளித்து முழுகி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். செயலர் குத்தாலிங்கம் பள்ளிக்கூடச் சாமான் பதிவேட்டோடு வகுப்பில் தயாராக நின்றார். மிஷினில் ஏற்றி வைத்திருந்த சரித்திரப் புத்தகத்தில் தானே ஒரு பக்கம் சொல்லி, "வாசிக்கட்டும், பாப்போம்," என்றார்.

கிளி வாசித்தது. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பாடம். "ஒன்று எட்டு பூஜ்யம் ஆறாம் ஆண்டு," என்றது அது.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். நயினார் சாரின் முகம் சுண்டிப்போனது. வருஷங்களைப் பேரன் பேத்தி போலச் சீராட்டுகிற வாத்தியார் அவர். வருஷத்தைப் போன் நம்பர் மாதிரி வாசித்தால் எப்படி நடத்துவார்? செயலர் பேனாவை மூடினார். "பரவாயில்லை சார். நல்ல முயற்சிதான். வாங்கின இடத்துல கொடுத்து மாத்திப் பாருங்க. அதுவரைக்கும் ஆபீஸ் ரூம்ல..."

"வாங்கலை," என்று வகுப்பின் பின்னாலிருந்து வந்தாள் வடிவு. "அஞ்சு நிமிஷம் உட்காருங்க."

"உட்காரவா? எங்க?"

"பெஞ்சுல."

மண்டியில் ஏலத்துக்கு அடம் பிடிக்கிற வியாபாரிகளிடம் பேசுகிற குரல் அது. செயலர் உட்கார்ந்துவிட்டார். வடிவு கரும்பலகை முன்னாலிருந்த மேஜையில் மூலநிரலைத் திறந்தாள். இருபது நாளாகக் குடைந்து குடைந்து, எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அஞ்சறைப்பெட்டி மாதிரி அத்துப்படி. எண்களுக்கென்று ஒரு கோப்பு. அதில் நாலு இலக்கம் வந்தால் ஒவ்வொன்றாக வாசி என்று ஏழு நாட்டில் எந்த நாட்டுக்காரரோ எழுதி வைத்திருந்தார். பாவம், அவர் ஊரில் அப்படித்தான் போலிருக்கிறது. மூன்று வரியை அழித்து ஐந்து வரி எழுதினாள். ஒரு இடத்தில் புள்ளி விட்டுப்போய் மிஷின் முறைத்தது. முதல் பிழையைப் பார்த்துத் திருத்தினாள். கட்டளையை அடித்தாள். மாறினதை மட்டும் ஆட்டினால் போதுமே, முழுப்படியும் எதற்கு? வராந்தாவில் கணக்குப்பிள்ளை தன் வரியை முணுமுணுக்க, வெயிலுகந்தாள் தொண்டையைச் செருமிக்கொள்ள, நாற்பத்து ரெண்டு பிள்ளைகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு திரையில் ஓடுகிற சதவீதத்தை வாய்விட்டு எண்ணினார்கள். நூறு.

"ஆயிரத்து எண்ணூற்று ஆறாம் ஆண்டு, ஜூலைத் திங்கள்," என்று வாசித்தது கிளி.

வகுப்பு கைதட்டியது. வராந்தா கைதட்டியது. செயலர் பேனாவைத் திறந்து, பதிவேட்டில் தேடிப் பிடித்து, 'தயாரிப்பாளர்' என்ற கட்டத்தில் விரலை வைத்தார். "சரி, வகுப்பு உங்களுக்குத்தான் சார். கம்பெனி பேரைச் சொல்லுங்க. ரிப்பேர்னா எங்க போன் போடணும்?"

"ரிப்பேர் ஆனதையும் பாத்தீங்க, சரியானதையும் பாத்தீங்க," என்றார் நயினார் சார். "கம்பெனி உங்களுக்கு முன்னாலதான் நிக்கு. என் வீட்டுக்காரி சங்கரவடிவு."

நாற்பத்து ரெண்டு தலையும் அவள் பக்கம் திரும்பின. வடிவு தலை குனியவில்லை. இந்தப் பெருமை தனக்கு உரியதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதே நேரம் தனக்கு மட்டும் உரியதில்லை என்பதும் தெரிந்திருந்தது.

"என் பேரை எழுதுங்க. ஆனா என் பேரை மட்டும் எழுதினா அது பொய்," என்றாள். "ஏழு நாட்டுக்காரவங்க பேரு முன்னூத்துப் பதினாறு இந்தக் கோப்புல இருக்கு, திரையில திறந்து வைக்கேன், பாத்து எழுதிக்கிடுங்க. பொறவு வராந்தாவுல இருக்காவளே இருபது பேரு, அவ்வோ பேரு. வெயிலுகந்தாளை அவ்வோ வீட்டுக்காரருக்கு முன்னால எழுதணும்."

"இம்புட்டுப் பேரா? கட்டம் ஒரு இஞ்சுதானேம்மா இருக்கு!"

"பக்கம் இருக்குல்லா?"

செயலர் பக்கத்தைத் திருப்பினார். பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, பிள்ளைகள் ரெண்டு பேரை நகரச் சொல்லி, எழுத ஆரம்பித்தார். நயினார் சார் அவருக்காகக் காத்திருக்கவில்லை. மேஜையில் ஒரு கையை ஊன்றி நின்று, வேலூர்க் கோட்டையின் கதவைத் திறந்துவிட்டார். முன்னூற்றுப் பதினாறு பேரும் இருபது பேரும் சங்கரவடிவும் பதிவேட்டில் ஏறி முடிக்கையில் முதல் பீரியட் மணி அடித்துவிட்டது, அதற்குள் பத்தாம் வகுப்பின் நாற்பத்து மூன்றாவது ஆளாகச் செயலர் குத்தாலிங்கமும் பாடத்தை முழுசாகக் கேட்டு முடித்திருந்தார்.